கரும்புக்கொல்லையில் கிடைத்த சிவப்பு

"ஏய்! யாருடி அது? எடுத்த மண்ண கீழ போடு!"

நான் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி. பக்கத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மண். கரையாம்புத்தூரில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரும்புக்கொல்லை. அதன் மோட்டார் கொட்டாய்க்குப் பின்புறம். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "மண்ணுதான, எடுத்துக்கோ" என்று அவர் மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொல்லைக்காரம்மாவுக்கு அது தெரியாது.

அந்தம்மா வரப்பின் மேல் ஏறக்குறைய ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. நான் எழுந்து நின்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, நான் காலேஜ்லேர்ந்து வரன். ஆராய்ச்சிக்கு மண்ணு எடுக்கறன்."

"மண்ணுல இன்னாடி ஆராய்ச்சி? எவ சொல்லி வந்த? அத்த சொல்லு மொதல்ல."

எவ சொல்லி வந்தேன் என்ற கேள்வியே எனக்குப் புரியவில்லை. எங்கள் மேடம் சொல்லி வந்தேன் என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "எந்த மேடம்? எந்த ஊரு?" என்று குரல் ஏறியது. கரும்பின் காய்ந்த இலைச் சோகையை உரித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். ஒருவர் போனை எடுத்து என்னையும் என் ஸ்கூட்டியையும் போட்டோ எடுத்தார்.

நான் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. வில்லியனூர்ப் பக்கம் வீடு. என் வேலையைச் சுருக்கிச் சொன்னால், செல்கள் பெருகுவதை நிறுத்துகிற பொருள் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது. கேன்சர் என்பது நிறுத்தத் தெரியாமல் பெருகிக்கொண்டே போகும் செல்கள்தான். அவற்றை நிறுத்தும் மருந்துகளில் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிடமிருந்து வந்தவை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறதே, அந்த வாசனையைச் செய்கிற கூட்டம்தான் இதையும் செய்கிறது. அவை தம்மைச் சுற்றியிருக்கும் மற்ற உயிர்களை வளரவிடாமல் வைக்க ஏதேதோ ரசாயனங்களைச் செய்து வெளியே விடுகின்றன. அந்த ஏதேதோவைத் தேடித்தான் நான் பாகூர், நெட்டப்பாக்கம் என்று கரண்டியோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் அங்கே நின்று எப்படிச் சொல்வது? கிருமி, மருந்து, கேன்சர் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அக்கா ஒரு எட்டு முன்னால் வந்தார். அது அவர் திட்டியதை விடப் பயமாக இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"கேன்சருக்கு மருந்து தேடறோம்க்கா."

"உனக்கு யாரு சொன்னா எனக்கு அது இருந்துச்சின்னு?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

அவர் தலைத்துண்டு சரிந்திருந்தது. முடி குட்டையாக, சுருள் சுருளாகப் புதிதாக முளைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிறகு அவரே சொன்னார். போன வருஷம் மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆனது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்களாம், யாரோ அவர் நடந்த இடத்து மண்ணை எடுத்துப் பொம்மை செய்து எங்கேயோ புதைத்துவிட்டார்கள், அதனால்தான் இது வந்தது என்று. அவருக்கு ஒரு பக்கம் நம்பிக்கை இல்லை. ஆனால் காதில் விழுந்ததை எடுத்து வெளியே போடவும் முடியவில்லை. அதற்குப் பிறகு கொல்லைக்கு வந்தால் எல்லார் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

இப்படி இருக்கிறவர் கண்ணில்தான் நான் கரண்டியோடு மாட்டியிருக்கிறேன்.

"இன்னா மருந்துக்கா ஏத்துனாங்க?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் யாரு கண்டா. பீட்ரூட் தண்ணி மாதிரி செவப்பா இருக்கும். அத்த ஏத்துனா ஒண்ணுக்கு கூட செவப்பாதான் போவும். அத பாத்தாலே கொமட்டும் எனக்கு."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். "அக்கா, அந்த செவப்பு மருந்தே மண்ணுலேர்ந்து வந்ததுதான்க்கா."

"இன்னா?"

"நெஜமா. வெளிநாட்டுல எங்கயோ ஒரு எடத்து மண்ணுல இருந்த கிருமிதான் அந்த செவப்ப செஞ்சது. இப்பவும் அந்த ஜாதி கிருமிய வளத்துதான் அந்த மருந்து தயாராவுது. என்ன மாதிரி ஒருத்தர் எங்கயோ உக்காந்து மண்ண எடுத்திருக்காரு. அதனாலதான் உங்களுக்கு ஏத்த முடிஞ்சுது."

போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினேன். வட்டத் தட்டு, அதில் சிவப்பாக மாவு பூத்த மாதிரி புள்ளிகள். அக்கா போனை வாங்கி வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். சோகை உரிக்கிறவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"இந்த எடம் வாணாம். டீசல் ஊத்தி ஊத்தி மண்ணே செத்து கெடக்குது. வா இப்பிடி."

அதற்கப்புறம் என்னால் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கரும்பு வேரடி, வாய்க்கால் ஓரம், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்த பழைய எருக்குழி, வேப்பமரத்தடி என்று இழுத்துக்கொண்டு ஓடினார். அவரே தோண்டினார், நான் பையைப் பிடித்தேன். கொண்டுபோன பைகள் எல்லாம் தீர்ந்துபோன பிறகும், "அந்த மூலையில கொஞ்சம்" என்று கை நீட்டினார். கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"எங்க மண்ணு இன்னா சொல்லுதுன்னு எனக்கு மொதல்ல சொல்லணும். சொல்லாம வுட்ட, போட்டோ இருக்குது."

மண்ணை லேபுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்தி, லேசாகச் சூடு காட்டி, தண்ணீரில் கரைத்து, தட்டுகளில் பரப்பினேன். சூடு காட்டினால் சாதாரண பாக்டீரியாக்கள் பெரும்பாலும் போய்விடும். எனக்கு வேண்டிய கூட்டம் தாங்கும். அவை மெதுவாகத்தான் வளரும். தட்டுகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் தினமும் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் திறந்ததும் உள்ளேயிருந்து மழை வாசனை அடித்தது. வெளியே கொளுத்தும் வெயில். ஏசி அறைக்குள், ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து, புதுமழை பெய்த கொல்லையின் வாசனை. முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் லேப் சீனியர் பின்னால் வந்து, "கதவ மூடு, டெம்பரேச்சர் போவுது" என்றார்.

அந்த சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட நான்கைந்து வயது பெரியவர். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எதைக் காட்டினாலும் அதில் என்ன தப்பு இருக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். எனக்கு ஒரு விஷயம் ஒத்து வந்தால் வாய் காது வரை போகும். அவருக்கு ஒத்து வந்தால் இன்னொரு முறை செய்வார். நான் லேபுக்குள் ஓடுவேன். அவர் நடப்பார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

தட்டுகளில் வெள்ளை, சாம்பல், மஞ்சள் என்று மாவு தூவியதுபோல் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. எருக்குழித் தட்டில் ஒன்று மட்டும் அடியில் சிவப்பு கசிந்து பரவியிருந்தது. மண்ணில் சிவப்புச் சாயம் விடுகிற உயிர்கள் ஏராளம், அதனால் மட்டும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

ஒவ்வொன்றையும் தனித்தனிக் குடுவையில் வளர்த்து, அவை வெளியே விட்ட சரக்கைப் பிரித்து எடுத்து, மார்பகக் கேன்சர் செல்களின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செல்கள் பல வருஷங்களுக்கு முன்னால் எங்கோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்தவை. லேப் மாற்றி லேப் என்று உலகம் முழுக்க இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குக் கொஞ்சம் செல். அதன் மேல் நம் சரக்கு. சில நாள் விட்டுவிட்டு, ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கும் செல்கள் அந்த மஞ்சளைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றிவிடும். செல்கள் பெருகியிருந்தால் அடர்ந்த கத்தரிப்பூ. பெருகாமல் இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். நிறத்தின் அடர்த்தியை ஒரு கருவி எண்ணாகப் படித்துச் சொல்லும்.

அன்றைக்குத் தட்டை வெளியே எடுத்தபோது வரிசை வரிசையாகக் கத்தரிப்பூ. நடுவில் ஒரு வரிசை மட்டும் கத்தரிப்பூ ஆகாமல் கிடந்தது. எது என்று பார்த்தேன். எருக்குழி.

"அண்ணா! அண்ணா, இங்க வாங்களேன்!"

அவர் நடந்து வந்தார். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த சரக்கே செவப்பாதான இருக்கு. அதோட கலர் ரீடிங்க கெடுக்கும். அது இல்லன்னு எப்படி சொல்லுவ?"

நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரை மேசையோடு சேர்த்துக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"சரக்கக் கரைக்க ஊத்தின திரவத்த மட்டும் தனியா ஒரு குழியில ஊத்தி வச்சியா?"

"வச்சிருக்கன்ணா. அதுல செல்லு நல்லா வளந்திருக்கு."

"அப்ப திரவம் கெடுக்கல. ஆனாலும் சாயத்த நம்பாத. மறுபடி செய். இந்த வாட்டி மைக்ரோஸ்கோப்ல கண்ணால எண்ணு."

மறுபடி செய்தேன். இந்த முறை சரக்கின் அளவைக் கூட்டியும் குறைத்தும் போட்டேன். அதிகமாகப் போட்ட குழிகளில் செல்கள் செத்துச் சுருண்டு மிதந்தன. அது பெரிய விஷயமில்லை, பினாயிலை ஊற்றினால் கூடச் சாகும். குறைவாகப் போட்ட குழிக்கு மைக்ரோஸ்கோப்பை நகர்த்தினேன்.

அதில் செல்கள் சாகவில்லை. பெருகவும் இல்லை. போட்டபோது எத்தனை இருந்தனவோ ஏறக்குறைய அத்தனைதான். ஆனால் ஒவ்வொன்றும் அகலமாக, தட்டையாக, தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி பரந்து கிடந்தது. பக்கத்துக் குழியில் ஒன்றுமே போடாத செல்கள், காலை நேர டவுன் பஸ்ஸில் நிற்பதுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. இந்தக் குழியில் சீட்டெல்லாம் காலி. அங்கொருத்தர் இங்கொருத்தர், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நின்றுவிட்டன. பெருகுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத செல்கள் நின்றுவிட்டன.

நான் கத்தியிருக்கிறேன். பக்கத்து லேபிலிருந்து ஏதோ உடைந்துவிட்டது என்று ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சீனியர் குனிந்து பார்த்தார். இந்தக் குழியைப் பார்த்தார், அந்தக் குழியைப் பார்த்தார், திரும்ப இந்தக் குழிக்கு வந்தார். "ம்" என்றார். அவரிடமிருந்து அந்த "ம்" வருவது சாதாரணமில்லை.

"சரக்க கழுவி எடுத்துட்டு பாரு. மறுபடி வளருதான்னு."

கழுவினேன். புதுத் திரவம் மாற்றினேன். சில செல்கள் மெல்லத் திரும்பின. பெரும்பாலானவை அப்படியே நின்றன. நல்ல செல்களின் மேலும் போட்டேன். அவையும் மெதுவாயின. அது கொஞ்சம் மனசைக் குத்தியது. கேன்சர் செல்லை மட்டும் பிடித்து நிறுத்துவதுதான் எல்லாருக்கும் கனவு. ஆனாலும் மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கணும். சரக்க சுத்தம் பண்ணி சென்னைக்கு அனுப்பு" என்றார்கள். அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய கருவி இருக்கிறது. பொருளின் எடையை வைத்து அது என்னவென்று ஊகித்துச் சொல்லிவிடும்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலத்தில் கரையாம்புத்தூரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா, எங்க மண்ணு இன்னா சொல்லுது?"

"இன்னும் வரலக்கா. ஆனா உங்க எருக்குழியில ஒண்ணு செல்ல நிறுத்துதுக்கா. நான் கண்ணால பாத்தன்."

"நிறுத்துதா?" என்று கேட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே பக்கத்தில் யாரிடமோ, "ஏங்க, நம்ப எருக்குழி நிறுத்துதாங்க!" என்று கத்தினார்.

அடுத்த தடவை மண் எடுக்க அந்தப் பக்கம் போனபோது ஊரே எனக்காகக் காத்திருந்தது. ஒருவர் கேரி பையில் வயல் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் அவர் கிணற்றடி மண்தான் விசேஷம், அங்கே வைத்த வாழை எல்லாம் எப்படி வந்திருக்கிறது பாருங்கள் என்று போனில் வாழைத்தாரைக் காட்டினார். "எங்க எருக்குழி அதவிட பழசு, எங்க மாமனார் காலத்துது" என்று பக்கத்துக் கொல்லைக்காரம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஒரு ஒரு எடமா வரன்" என்று கெஞ்சி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். கோயில் வாசலில் எடுத்தது கூட ஒன்று இருந்தது. வண்டியின் முன்பக்கம் முழுக்க மண் மூட்டைகள். பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, என் பங்குக்கு அங்கேயும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். வண்டியைப் பார்த்துவிட்டு, "வூடு கட்டப் போறியா?" என்றாள் என் அம்மா.

சென்னையிலிருந்து ரிசல்ட் வந்த அன்றைக்கு நானும் சீனியரும் மேடம் அறையில் நின்றோம். மேடம் திரையைப் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"ஏற்கெனவே தெரிஞ்ச பொருள்தான்மா. அந்த செவப்பு கீமோ மருந்து இருக்கில்ல, அதே குடும்பம். அதோட அண்ணன் தம்பி மாதிரி. எப்பவோ கண்டுபிடிச்சி எழுதிட்டாங்க."

சீனியர் மெதுவாக, "மண்ணுல இது அடிக்கடி நடக்கறதுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நெட்டப்பாக்கம் போகும் வரை நெஞ்சில் ஒரு கல் இருந்தது. புதிது இல்லை. எனக்கு முன்னால் யாரோ வந்து போய்விட்டார்கள். அந்த அக்காவிடம் என்ன சொல்வது? ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே. இப்படியே யோசித்துக்கொண்டு கரும்பு லாரி ஒன்றின் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது திடீரென்று எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் அந்த அக்காவின் நரம்பில் எது ஏறியதோ, அதன் உடன்பிறப்பு அவர் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. அவர் சாணி அள்ளிப் போட்ட இடத்தில். யார் கண்டது, அவருக்குக் கட்டி வருவதற்கு முன்பிருந்தே இருந்திருக்கலாம். கல் போன இடம் தெரியவில்லை. லாரியை ஓவர்டேக் செய்துகொண்டு போனேன்.

அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிட்டேன். "புதுசு இல்லக்கா. ஆனா அது இன்னான்னு தெரியுமா? உங்களுக்கு ஏத்துனாங்களே, அந்த செவப்போட தம்பி. உங்க எருக்குழியில."

அவர் வாளியைக் கீழே வைத்தார். எருக்குழியைத் திரும்பிப் பார்த்தார். அதே குப்பை, அதே கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"இதுலயா?"

"இதுலதான்க்கா."

"அப்ப அத எடுத்து அப்பிடியே..."

"ஐயோ அக்கா, அப்பிடியெல்லாம் கிட்ட கூட போவாதீங்க. அத சுத்தம் பண்ணி, அளவு பாத்து, டாக்டர் ஏத்தினாதான் மருந்து. இங்க இருக்கறது வெறும் எருதான்."

"தெரியும் போடி. சும்மா கேட்டன்." கண் கலங்கியது, ஆனால் வாய் சிரித்தது. "மண்ண எடுத்து வச்சிட்டாங்க வச்சிட்டாங்கன்னு எத்தினி நாளு அழுதன் தெரியுமா. மண்ணு இன்னாடி பண்ணும் பாவம். அது நமக்கு மருந்து செஞ்சிகினு கெடந்திருக்குது." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அத காட்டு" என்றார்.

"எருக்குழியவா?"

"அது இல்ல. அந்த செல்லு. நின்னு போச்சுன்ன இல்ல, அத நான் பாக்கணும்."

மேடமிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்கள், பிறகு கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். தலையில் துண்டு இல்லை. சுருட்டை முடியில் ஒரு கிளிப் போட்டிருந்தார். புடவையின் மேல் லேப் கோட்டை மாட்டிவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் எப்படிக் கண் வைப்பது என்று சொல்லித்தந்தேன். முதலில் இமைதான் தெரிகிறது என்றார். பிறகு சட்டென்று உடம்பு அசையாமல் நின்றது.

"இன்னாடி இது, ஈசல் மாதிரி மொய்க்குது?"

"அதுதான்க்கா கேன்சர் செல்லு. ஒண்ணும் போடாதது."

"இவ்ளோண்டா?"

கண்ணை எடுத்து அந்தத் தட்டைப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றுமே தெரியாது, இளஞ்சிவப்புத் தண்ணீர் மட்டும்தான். மறுபடி குனிந்தார். "இவ்ளோண்டு இருந்துகினா என்ன அந்த பாடு படுத்துன? என் முடிய புடுங்கி, சோறு துன்ன வுடாம, எம் பொண்ணு கல்யாணத்துல என்ன நிக்க வுடாம பண்ணிட்டியேடி பாவி!"

அவர் செல்களைத் திட்டிக்கொண்டிருந்தார். மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரும்புக்கொல்லையில் என்னைத் திட்டிய அதே குரலில். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேடம்தான் முதலில் சிரித்தார்கள். நான் தட்டை நகர்த்தி, எருக்குழிச் சரக்கு போட்ட குழியைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"அடங்கிடுச்சு" என்றார் மெதுவாக.

"ஆமாக்கா."

"இது யாரு ஒடம்புலேர்ந்து எடுத்தது?"

"யாரோ வெளிநாட்டு அம்மா. எப்பவோ."

"அவங்க இருக்காங்களா?"

"இல்லக்கா."

அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதன் பிறகு செல்களைத் திட்டவில்லை.

கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூரி வாங்கினோம். தன் மகள் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பூரியில் இருக்கும்போது வாசல் பக்கம் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தால், எங்கள் சீனியர் ஓடி வந்துகொண்டிருந்தார். லேப் கோட்டோடு, ஒரு கையில் கிளவுஸ் கூடக் கழற்றாமல். மேசைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு.

"அந்த பாகூர் ஏரிக்கர மண்ணு," என்றார் மூச்சு வாங்க. "அதுல வெள்ளையா ஒண்ணு வந்துதில்ல?"

"ஆமாண்ணா, நீங்க பாத்துக்கறன்னீங்களே."

"உங்கிட்ட சொல்லாம மூணு வாட்டி செஞ்சிட்டன். வீணா ஆச காட்ட வேணாம்னுதான். மூணு வாட்டியும் நிறுத்துது. நல்ல செல்ல அவ்வளவா தொடல. கலரே இல்ல, அதனால ரீடிங் தப்பா இருக்க வாய்ப்பில்ல. சென்னைக்கு நானே அனுப்பியிருந்தன். இப்பதான் மெயில் வந்துச்சு." போனை என் பக்கம் நீட்டினார். "தெரிஞ்ச பொருள் எதோடயும் எட பொருந்தல."

பூரியைத் தட்டிலேயே போட்டேன். "பொருந்தலன்னா?"

"பொருந்தலன்னா பொருந்தல. யாரும் இதுவரைக்கும் எழுதலபோல. தப்பாவும் இருக்கலாம்," என்று தன் வழக்கப்படி சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் வாய் காது வரை போயிருந்தது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னாடி? இன்னா சொல்றாரு அந்த தம்பி?"

"புதுசுக்கா. புதுசா இருக்கலாம்."

"அப்ப இன்னும் இன்னா இங்க உக்காந்துகினு இருக்க?" என்று என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எழுந்து ஓடு. பூரிய நான் துன்னுக்கறன்."

ஓடினோம். படிக்கட்டில் சீனியர் எனக்கு முன்னால் இரண்டிரண்டு படியாகத் தாவினார். மேடம் அறைக் கதவைத் தட்ட வேண்டும் என்பதே எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

அந்த வெள்ளைப் பொருள் என்ன என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. அதன் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம். செல்லுக்குள் அது எந்த இடத்தில் போய்க் கைவைக்கிறது என்பதும் தெரியவில்லை. மருந்தாகுமா என்று கேட்டால், மருந்தாகாமல் போகிறவைதான் இந்த வேலையில் மிக அதிகம் என்று மேடம் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இப்போதெல்லாம் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு தினமும் காலையில் லேபுக்குப் பஸ் ஏறும்போது, இன்றைக்கு அந்த வெள்ளை கொஞ்சம் வாயைத் திறக்கும் என்று தோன்றுகிறது. ஜன்னலோர சீட் கிடைத்தாலும் உட்கார முடிவதில்லை.